காரணம் கேட்கும் செயல்கள்

தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிடுகிறான். இது தவறா? தவறென்றால் எவ்வளவு பெரிய தவறு?

ஒடிசாவின் புவனேஸ்வரில் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்கள் அமெரிக்க மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடரும் அவருடன் பணியாற்றிய மன்மோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் ஆகியோரும். இதுபோன்ற 39 சம்பவங்களைத் தொகுத்து, புவனேஸ்வரின் பிராமணர்களிடமும் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களிடமும், சிகாகோ நகரின் ஹைட் பார்க் பகுதி மக்களிடமும் கருத்துக் கேட்டார்கள். முடிவுகள் 1987-இல் வெளியாயின. புவனேஸ்வரின் பிராமணக் குழந்தைகள் அந்த மகனின் செயலை மிகப் பெரிய தவறுகளில் ஒன்றாகக் கருதினார்கள். சிகாகோக் குழந்தைகளுக்கு அதில் தவறே தெரியவில்லை. சொல்பேச்சு கேட்காத மனைவியைக் கணவன் அடிப்பதில் இது தலைகீழானது. அது சரிதான் என்றது புவனேஸ்வர், தவறு என்றது சிகாகோ.

நம் ஊர் வழக்கத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் பல சமூகங்களில் கொள்ளி வைக்கும் மகன் அன்றைக்கே மொட்டை அடித்துக்கொள்கிறான். அடித்துக்கொள்ளாவிட்டால்தான் ஊர் பேசும். தலைமுடியை எந்த நாளில் எடுக்கலாம் என்பதில் ஒரே நாட்டின் இரண்டு மூலைகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

சரி, தவறு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும் ஏற்பாடு, எல்லோருக்கும் பொதுவான அறம் என்று ஒன்று கிடையாது என்று இதிலிருந்து சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொரு பட்டியலையும் தந்தது. விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டும் காணாமல் போவது, கொடுத்த வாக்கை மீறுவது, அடுத்தவர் வரைந்த படத்தை நாசமாக்குவது, ஒரு தீங்கும் செய்யாத விலங்கை உதைப்பது, உடன்பிறந்தவருடன் உறவு கொள்வது. இவை தவறு என்பதில் இரண்டு நகரங்களும் ஒத்துப்போயின. வேறுபாடுகள் கதையாகப் பரவின, ஒற்றுமைகளை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எங்கும் எப்போதும் தவறான செயல்கள் உண்டா என்ற கேள்விக்கு விடை தேட இந்த இரண்டு பட்டியல்களும் வேண்டும்.

எங்கும், எப்போதும்

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு செயல் எல்லாச் சமூகங்களிலும் தவறாகக் கருதப்படுகிறதா என்பது ஒன்று. எந்தச் சூழலிலும் விலக்கே இல்லாமல் அது தவறா என்பது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விவாதம் நகராது.

பொய்யை எடுத்துக்கொள்வோம். பொய் சொல்லலாம் என்று பொதுவாகக் கற்பிக்கும் சமூகம் இல்லை. ஆனால் விலக்கே கிடையாதா? ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் கான்ட் 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லும் உரிமை உனக்கு இல்லை என்று வாதிட்டார். வள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. யாருக்கும் கேடில்லாத நன்மை விளையும்போது பொய்க்கும் இடமுண்டு என்று வாய்மை அதிகாரத்திலேயே அனுமதி தருகிறார். இருவருமே பொய்யை வெறுத்தவர்கள். எந்தக் காரணமும் பொய்யை நியாயப்படுத்தாது என்றார் ஒருவர், ஒரு குறிப்பிட்ட காரணம் நியாயப்படுத்தும் என்றார் மற்றவர்.

பொய்க்குக் காரணம் தேவை என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மை சொன்னவரைப் பார்த்து ஏன் சொன்னாய் என்று யாரும் கேட்பதில்லை. இந்த அத்தியாயத்தின் மையக் கருத்து இதுதான்: உலகப் பொதுவான அறத்தைத் தடைகளின் பட்டியலில் தேடினால் பாதிதான் கிடைக்கும். எந்தச் செயல்களுக்கு மனிதர்கள் எங்கும் காரணம் கேட்கிறார்கள் என்று தேடினால் முழுதாகவே கிடைக்கும்.

மழலையர் பள்ளியில் ஒரு சோதனை

கலிபோர்னியாவின் உளவியலாளர் எலியட் டூரியலும் அவருடைய மாணவர்களும் 1970-களிலிருந்து மிக எளிமையான ஒரு சோதனையைக் குழந்தைகளிடம் நடத்திவந்தார்கள். வகுப்பில் சாப்பிடக் கூடாது என்பது ஒரு விதி. பக்கத்தில் இருப்பவனை அடிக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் மீறினால் தவறு என்று குழந்தைகள் சொல்வார்கள். அடுத்து வரும் கேள்விதான் முக்கியமானது: "டீச்சரே பரவாயில்லை என்று சொல்லிவிட்டால்?"

அப்படியானால் சாப்பிடலாம் என்று குழந்தைகள் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். டீச்சர் சொன்னாலும் அடிப்பது தவறுதான் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அவனுக்கு வலிக்கும்" என்கிறார்கள். ஜூடித் ஸ்மெட்டானா 1981-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் எழுதப் படிக்கத் தெரியாத மழலையர் பள்ளிக் குழந்தைகளே இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள்.

இதைவிடக் கடினமான இடத்துக்கு லாரி நூச்சி போனார். அமெரிக்காவின் ஆமிஷ், மென்னோனைட் கிறித்தவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடவுளின் சொல்லே சட்டம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று கடவுள் சொல்லாமலே இருந்திருந்தால் வேலை செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்றார்கள். களவைப் பற்றியோ அடிப்பதைப் பற்றியோ கடவுள் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால்? அப்போதும் தவறுதான் என்று பெரும்பாலான பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு விதி எங்கிருந்து வந்தது என்பதற்கும், ஒரு செயல் ஏன் தவறு என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆழ்ந்த பக்தியில் வளர்ந்த பிள்ளைகளும் உணர்ந்திருந்தார்கள்.

இந்த உணர்வு பிறவியிலேயே வருகிறதா? 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தின் கைலி ஹாம்லினும் சகாக்களும் நடத்திய ஆய்வு உலகப் புகழ் பெற்றது. மேடேற முயலும் பொம்மைக்கு உதவும் ஒரு பொம்மையையும் அதைத் தள்ளிவிடும் ஒரு பொம்மையையும் காட்டியபோது, ஆறு மாதக் குழந்தைகள் உதவிய பொம்மையையே எடுத்தன. ஆனால் 2024-இல் பல நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, மிகப் பெரிய அளவில் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது குழந்தைகள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகப் பிரிந்தன. ஆகவே அறம் தொட்டிலிலேயே இருக்கிறது என்று அடித்துச் சொல்ல இன்றைய சான்று போதாது. அதனால் நம் கேள்விக்கு நட்டமும் இல்லை. எண்ணுவதற்குக் கற்றுக்கொண்டுதான் வருகிறோம். கற்றுக்கொண்டது என்பதாலேயே இரண்டும் இரண்டும் நாலு என்பது ஊர்வழக்கம் ஆகிவிடாது.

கோழிக்கறிக்குள் ஓர் ஆன்மா

டூரியலின் பிரிவினைக்கு ஷ்வேடர் தந்த அடிதான் புவனேஸ்வர் ஆய்வு. உண்பதும் முடிவெட்டுவதும் யாரையும் காயப்படுத்துவதில்லை, ஆகவே அவை வெறும் வழக்கம் என்று அமெரிக்க உளவியல் சொல்கிறது. புவனேஸ்வரின் மக்களோ அவற்றை எந்த ஊருக்கும் பொருந்தும் அறமாகவே பார்க்கிறார்கள். அப்படியானால் வழக்கம், அறம் என்ற பிரிவினையே மேற்கத்தியப் பார்வைதானே என்று அவர் கேட்டார்.

டூரியலும் மெலனி கில்லனும் சார்லஸ் ஹெல்விக்கும் பதில் சொன்னார்கள். அந்த மக்கள் தந்த விளக்கத்தைக் கவனித்துப் படியுங்கள் என்றார்கள். தந்தை இறந்த பின் மகன் தீட்டுக் காத்து விரதமிருந்தால்தான் தந்தையின் ஆன்மா நல்ல கதி அடையும். மகன் கோழிக்கறி தின்றால் அந்த ஆன்மா தவிக்கும். அதாவது, தன்னால் எதுவும் செய்துகொள்ள முடியாத நிலையில் இருக்கும் தகப்பனுக்கு மகன் தீங்கு செய்கிறான். சிகாகோக் குழந்தையிடம், "உன் அப்பா இப்போது பெரும் துன்பத்தில் இருக்கிறார், நீ இதைச் சாப்பிட்டால் அந்தத் துன்பம் கூடும்" என்று சொல்லி, அதை அது நம்பவும் செய்தால், அதுவும் தட்டைத் தள்ளிவைக்கும்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி, உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியது. இறந்தவருக்குத் துன்பம் உண்டா, இல்லையா? துன்பம் தரக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எல்லாக் கருத்து வேறுபாடுகளையும் இப்படிக் கரைத்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. தூய்மை, மரியாதை, படிநிலை ஆகியவற்றைத் தம்மளவிலேயே அறமாகக் கருதும் மக்கள் உண்டு. ஆனால் முதல் பார்வையில் தெரியும் பிளவைவிட உண்மையான பிளவு மிகச் சிறியது.

அறுபது சமூகங்கள், ஒரு விதிவிலக்கு

ஆக்ஸ்ஃபோர்டின் ஆலிவர் ஸ்காட் கரி, டேனியல் மல்லின்ஸ், ஹார்வி வைட்ஹவுஸ் மூவரும் உலகெங்கிலும் 60 சமூகங்களைப் பற்றிய இனவரைவியல் பதிவுகளை அலசி 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சொந்தபந்தங்களுக்கு உதவுவது, குழுவுக்கு விசுவாசமாக இருப்பது, வாங்கியதைத் திருப்பிச் செய்வது, துணிவு, மூத்தவருக்குப் பணிவது, நியாயமாகப் பங்கிடுவது, பிறர் உடைமையை மதிப்பது என்ற ஏழும் எங்கெங்கே பேசப்படுகின்றனவோ அங்கெல்லாம் நல்லவையாகவே பேசப்பட்டன. 962 பதிவுகளில் ஒரே ஒரு விதிவிலக்கு. மைக்ரோனேசியாவின் சூக் தீவுகளில், பிறர் பொருளை வெளிப்படையாகப் பறித்துக்கொள்வது வல்லமையின் அடையாளமாகப் போற்றப்பட்டது.

ஏழும் ஒன்றோடொன்று மோதும்போது எது முந்தும் என்பதில்தான் சமூகங்கள் பிரிகின்றன. ஃபிஜியின் யசாவா தீவு மக்கள் முதலாக 10 சமூகங்களில் கிளார்க் பாரெட்டும் குழுவினரும் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு வேறுபாட்டைக் காட்டியது. வேண்டுமென்றே எடுத்தவனையும் தெரியாமல் எடுத்தவனையும் லாஸ் ஏஞ்சலஸ்வாசிகள் முற்றிலும் வேறாகப் பார்த்தார்கள். யசாவா மக்கள் அவ்வளவு வேறுபடுத்தவில்லை. பிறர் மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிப்பது அங்கே முறையல்ல. ஆனால் ஊர்க் குடிநீரில் நஞ்சு கலப்பது கொடியது என்பதில் எல்லாச் சமூகங்களும் சேர்ந்து நின்றன.

என்னை அதிகம் கலங்கவைத்த ஆய்வு வேறொன்று. டேனியல் ஃபெஸ்லரும் பலரும் ஏழு சமூகங்களில் நடத்தி 2015-இல் வெளியிட்டது. களவு, அடிதடி, அவதூறு போன்றவை இங்கே, இப்போது நடந்தால் கடுமையாகக் கண்டித்த மக்கள், அதே செயல் வெகுதூரத்தில் நடந்தது என்றாலோ, வெகுகாலம் முன்பு நடந்தது என்றாலோ, பெரியவர் ஒருவர் அதில் தவறில்லை என்று சொல்லிவிட்டார் என்றாலோ குரலைத் தணித்துக்கொண்டார்கள். டீச்சர் சொன்னாலும் தவறுதான் என்று நாலு வயதில் சொன்ன மனிதர், வளர்ந்த பின் தலைவர் சொன்னதும் தளர்ந்துபோகிறார். அறத்தின் விதி எங்கும் இருக்கிறது. அது யாருக்காகப் பேசும் என்ற எல்லைதான் சுருங்குகிறது.

ஏழு காரணங்கள்

எல்லை சுருங்கும்போது காரணங்கள் பிறக்கின்றன. இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வு, கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்கிறது. ஆனால் வெறுமனே அப்படிக் கேட்பதில்லை. சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், சமையல் சரியில்லையென்றால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாரை மதிக்காவிட்டால் என்று ஏழு காரணங்களை அடுக்குகிறது. 2019–21 ஆய்வில், இவற்றில் ஒன்றுக்காவது அடிக்கலாம் என்று 45 சதவீதப் பெண்களும் 44 சதவீத ஆண்களும் சொன்னார்கள்.

அடிபடுகிறவர்களே ஒப்புக்கொள்ளும்போது அதை எப்படித் தவறு என்பது? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. வறுமையிலும் அடக்குமுறையிலும் வளர்ந்தவர்கள் தங்கள் ஆசைகளையே கிடைக்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அமர்த்தியா சென் நெடுங்காலமாக எழுதிவருகிறார். மறுத்தால் போக்கிடம் இல்லாதவர் தரும் ஒப்புதலை ஒப்புதலாகக் கணக்கிட முடியாது. அந்தப் பட்டியலையே மறுபடி பாருங்கள். எட்டாவதாக, "காரணமே இல்லாமல்" என்று ஒரு கேள்வி அதில் இல்லை. அப்படிக் கேட்கத் தேவையில்லை என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். அடிக்கலாம் என்று சொல்பவரும் அடிக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டவரே. 2015–16-இல் 52 சதவீதமாக இருந்த பெண்களின் ஒப்புதல் 45-க்கு இறங்கியிருப்பதும் அந்தக் காரணங்கள் பெண்களிடையேயாவது பலமிழந்துவருகின்றன என்பதற்கு அடையாளம்.

காரணங்களைச் சோதிப்பது

மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்த கொடுமைகளில் காரணம் சொல்லப்படாத கொடுமை அரிது. அடிமை முறைக்கு அரிஸ்டாட்டில் சொன்ன காரணம், சிலர் இயல்பாகவே அடிமைகளாகப் பிறக்கிறார்கள் என்பது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மருத்துவமே காரணம் தயாரித்துத் தந்தது. தப்பி ஓடும் அடிமைகளுக்கு "ட்ராபெட்டோமேனியா" என்ற மனநோய் இருக்கிறது என்று 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் எழுதினார். விடுதலை வேண்டி ஓடியவரின் கால்களையே நோய்க்குச் சான்றாக்கினார். அறிவியலின் பெயரால் வந்த பொய் அது. அறிவியல் நூல் எழுதுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

காரணம் என்று ஒன்று சொல்லப்பட்டுவிட்டால் அதைச் சோதிக்க முடியும். இங்கேதான் அறிவியலுக்கு வேலை வருகிறது. முதல் சோதனை: காரணத்துக்குள் இருக்கும் செய்தி உண்மையா? அடிமைத்தனம் இயல்பானது என்ற கூற்று, மனிதர்களைப் பற்றிய கூற்று. அது பொய். சித்திரவதை உண்மையை வெளிக்கொண்டுவரும் என்ற கூற்றும் அப்படித்தான். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வின் கொடூர விசாரணை முறைகளை ஆராய்ந்த செனட் குழு, பயனுள்ள தகவலைப் பெற அவை உதவவில்லை என்று 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது.

இரண்டாவது சோதனை: காரணம் சொல்பவர், இடம் மாறி நின்றால் அதே காரணத்தை ஏற்பாரா? அடிமையாக வாழ ஒப்புக்கொண்டு அடிமை முறையை ஆதரித்த எஜமானர் இல்லை. இந்தச் சோதனையை ஆய்வகத்தில் செய்ய முடியாது. எப்படி இருக்கிறது என்பதிலிருந்து மட்டும் எப்படி இருக்க வேண்டும் என்பதை வருவிக்க முடியாது என்று டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். 60 சமூகங்கள் ஒத்துக்கொண்டதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது. பல நூற்றாண்டுகளாக எத்தனையோ சமூகங்கள் அடிமை முறையை ஒத்துக்கொண்டுதான் இருந்தன. அதைச் சட்டப்படி ஒழித்த கடைசி நாடான மௌரித்தேனியாவில் அது நடந்தது 1981-இல்தான். ஆக, உலகின் சம்மதம் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடுவதில்லை. சொல்லப்பட்ட காரணங்கள் ஒவ்வொன்றாக விழுந்த பிறகே அது வருகிறது.

1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் நிறைவேறியபோது 48 நாடுகள் ஆதரித்தன, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. இதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்க மானுடவியல் சங்கம், ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை மற்றவற்றின் மீது சுமத்திவிடாதீர்கள் என்று எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. உலகின் பல பகுதிகள் அப்போதும் காலனி ஆட்சியில் இருந்தன. ஆனால் பிரகடனத்தின் முதல் உறுப்பை "எல்லா ஆண்களும்" என்று படிக்க இடந்தராமல் "எல்லா மனிதர்களும்" என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அடுத்தவருக்கு உரிமையில்லை என்று சொல்ல மேற்கு வைத்திருந்த காரணத்தைக் காலனியிலிருந்து அப்போதுதான் விடுபட்ட நாட்டின் ஒரு பெண் நீக்கினார்.

1984-இல் வந்த சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. போரோ, போர் அபாயமோ, உள்நாட்டு நெருக்கடியோ, எந்த விதிவிலக்கான சூழலும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்று அதன் இரண்டாம் உறுப்பு சொல்கிறது. எந்தக் காரணமும் செல்லாது என்று மனிதகுலம் எழுதிவைத்த மிகச் சில இடங்களில் இது ஒன்று. இந்தியா அதில் 1997-இல் கையெழுத்திட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யாதது நமக்குப் பெருமையல்ல. இனப்படுகொலை, அடிமை முறை, இன ஒதுக்கல் ஆகியவையும் எந்த ஒப்பந்தத்தாலும் அனுமதிக்கவே முடியாதவை என்ற பட்டியலில் இன்று இருக்கின்றன.

இவை இன்னும் நடக்கின்றனவே என்று கேட்கலாம். நடக்கின்றன, ஆனால் மறைவில் நடக்கின்றன. 1943 அக்டோபரில் போஸன் நகரில் தன் அதிகாரிகளிடம் யூதர்களை அழிப்பதைப் பற்றிப் பேசிய நாஜித் தலைவர் ஹிம்லர்கூட, இதை வெளியே ஒருபோதும் பேசமாட்டோம் என்று சொன்னார். பெருமையாகக் கருதிய செயலை ஏன் மறைக்க வேண்டும்? எந்தக் காரணமும் வெளிச்சத்தில் நிற்காது என்று செய்தவருக்கே தெரிந்திருக்கிறது.

அடிமை முறை அரிஸ்டாட்டில் காலத்திலும் தவறுதானா, இல்லை நாம் கண்டுபிடித்த பிறகுதான் தவறானதா? அப்போதும் தவறுதான். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று லண்டன் நம்பிய நாட்களிலும் அது தண்ணீர் வழியாகத்தான் பரவியது. அடிமைகளாகவே பிறந்தவர்கள் உண்டு என்ற கூற்று அன்றைக்கும் பொய். சவுக்கடி பட்டவருக்கு அன்றைக்கும் வலித்தது. அந்த வலியைச் சாட்சியாக யாரும் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே எங்கும் எப்போதும் தவறான செயல்கள் உண்டு என்றே நான் சொல்வேன். எது தவறு என்ற பட்டியல் முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டேன். இன்று நாம் நியாயம் என்று வைத்திருக்கும் காரணங்களில் எவை நாளை விழப்போகின்றன என்பதைத் துன்பப்படுகிறவர்களின் வாயால் கேட்டால்தான் அறிய முடியும். காரணம் சொல்லிச் செய்யப்படும் ஒவ்வொரு தீங்கிலும், அந்தக் காரணம் உண்மையா என்று முதலிலும், அதை நீ ஏற்பாயா என்று பிறகும் கேட்கும் கடமை நம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் கடமை எந்தப் பண்பாட்டுக்கும் தனிச்சொத்தல்ல.